அவர் எனக்கு யார் என்று ஒரு படிவம் கேட்டது

நான் முன்பு இருந்த கம்பெனியில் ஆள் பிடித்துக் கொடுத்தால் பணம் தருவார்கள். ரெஃபரல் போனஸ். தெரிந்த ஒருவரின் ரெசியூமை ஏற்றி ஒரு படிவத்தை நிரப்பிவிட வேண்டும். அவர் வேலைக்குச் சேர்ந்து 90 நாள் தாக்குப்பிடித்துவிட்டால் அடுத்த மாதச் சம்பளத்தோடு ஒரு தொகை வந்து விழும். அந்தப் படிவத்தில் ஒரு கேள்வி: ‘இவரை உங்களுக்கு எப்படித் தெரியும்?’ பக்கத்தில் இருக்கும் சின்ன அம்பைத் தட்டினால் நாலு பதில் கீழே இறங்கும். உறவினர், ஃபிரெண்டு, முன்னாள் கொலீக், மற்றவை. நான் அரை நொடிகூட யோசிக்கவில்லை, ஃபிரெண்டு என்று போட்டேன். முன்னாள் கொலீக் என்று போட்டால் ஏதோ கடமைக்குச் சிபாரிசு செய்கிற மாதிரி இருக்கும், ஃபிரெண்டு என்றால் கொஞ்சம் கனமாக இருக்கும் என்று என் கணக்கு. அதோடு, நம் ஊரில் யாரைப் பற்றிப் பேசினாலும் அப்படித்தானே ஆரம்பிப்போம்? "என் ஃபிரெண்டு ஒருத்தர் ஈபியில இருக்கார்", "ஆர்டிஓ ஆபீஸ்ல நம்ம ஃபிரெண்டு ஒருத்தர் இருக்கார், பேசிக்கலாம்." அந்த ஈபிக்காரரை மொத்தமாக ரெண்டு தடவை பார்த்திருப்போம்.

மூன்று நாள் கழித்து ஹெச்ஆரிலிருந்து போன். அந்த இன்டர்வியூ பேனலில் நானும் ஒருவன். அதிலிருந்து என்னைத் தூக்கிவிட்டதாகச் சொன்னார்கள். சாயங்காலம் லண்டனில் இருந்த மேனேஜரிடமிருந்து ஒரு மெயில் வந்தது, ரொம்ப மரியாதையான மெயில். அவர் உங்கள் ஃபிரெண்டு என்று முன்கூட்டியே தெரிவித்ததற்கு நன்றி, அலுவலகத்துக்கு வெளியே நீங்கள் சந்தித்துக்கொள்வது உண்டா, குடும்பத்தோடு பழக்கமா, இருவருக்கும் இடையே கொடுக்கல் வாங்கல் ஏதாவது இருக்கிறதா.

நான் உட்கார்ந்து யோசித்தேன். அந்த மனிதரோடு அதற்கு முந்தைய ஆபீஸில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் நாலு வருஷம். அவர் தும்மினால் வரிசையாக மூன்று தும்மல், நாலாவது வராது. திங்கட்கிழமை காலையில் பதினோரு மணிவரை பேச்சுக் கொடுக்கக் கூடாது. தயிர் சாதம் கொண்டுவருகிற அன்று மட்டும் டிஃபன் பாக்ஸின் மேல்தட்டில் மோர் மிளகாய் இருக்கும், அதில் ஒன்று கேட்காமலேயே என் தட்டுக்கு வரும். எக்செல்லில் தப்பு வந்தால் என்டர் கீயை ஓங்கி அடிப்பார், அந்தச் சத்தத்தை வைத்தே எந்த அளவு தப்பு என்று என்னால் சொல்ல முடியும். இவ்வளவும் தெரியும். ஆனால் அவர் வீடு குரோம்பேட்டையா பல்லாவரமா என்று தெரியாது. மனைவி பெயர் தெரியாது. பிள்ளைகள் ஒன்றா இரண்டா என்பதில்கூடச் சந்தேகம். கொடுக்கல் வாங்கல் என்று பார்த்தால் டீ காசு. யார் யாருக்கு எவ்வளவு பாக்கி என்பது இருவருக்குமே மறந்துபோயிருந்தது.

இதை அப்படியே மெயிலில் எழுத முடியுமா? அலுவலகத்துக்கு வெளியே சந்திப்பதில்லை என்று மட்டும் எழுதினேன். அப்படியானால் ஏன் ஃபிரெண்டு என்று போட்டீர்கள் என்று திரும்பக் கேள்வி வந்தது. பேனலை மாற்றி, லண்டனில் இருவருக்கு நேரம் ஒத்துவந்து, இன்டர்வியூ நடப்பதற்குள் மூன்று வாரம் ஓடிவிட்டது. இதற்கிடையில் அவர் பழைய ஆபீஸில் பேப்பர் போட்டுவிட்டார், அதாவது ராஜினாமா. ஒருநாள் கூப்பிட்டார். "ஏன் ஜி, ஃபிரெண்டுன்னு போட்டீங்க? நாம கொலீக்ஸ்தானே?" கோபமே இல்லை குரலில். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். திட்டியிருந்தால்கூட ஒன்றும் ஆகியிருக்காது, அந்தச் சந்தேகம்தான் என்னவோ செய்தது.

கடைசியில் வேலை கிடைத்துவிட்டது, அதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் அன்றிலிருந்து இந்த இரண்டு ஆங்கில வார்த்தைகள் மேல் எனக்கு ஒரு கண். தினமும் ஐம்பது மெயில் எழுதுகிறோம், இந்த இரண்டில் எதை எங்கே போடுவது என்று ஒருத்தரும் நமக்குச் சொல்லித்தரவில்லை.

கொலீக் என்பதை நம் ஆட்கள் எழுதுவதே ஒரு தனிக் கூத்து. ‘மை காலேஜ் வில் கால் யூ டுமாரோ’ என்று கிளையன்ட்டுக்கு மெயில் போனதை நான் ஒரு தடவை இல்லை, பல தடவை பார்த்திருக்கிறேன். எந்தக் காலேஜ் கூப்பிடும், அண்ணா யுனிவர்சிட்டியா என்று கேட்டு நாங்கள் சிரிப்போம். பிறகு ஒருநாள் அகராதியைப் புரட்டியபோதுதான் தெரிந்தது, ரெண்டும் ஒரே வேர். லத்தீனில் ‘கொலேகா’ என்றால் கூடச் சேர்த்து நியமிக்கப்பட்டவர், ஒரே பதவியில் கூட்டாக அமர்த்தப்பட்டவர். அப்படிப்பட்டவர்களின் கூட்டம் ‘கொலேகியம்’. காலேஜும் அங்கிருந்து வந்ததுதான், நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்கும் கொலீஜியம் என்று பேப்பரில் படிக்கிறோமே, அதுவும் அதுதான். ஆக அந்த மெயில் எழுதிய பையன் முழுசாகத் தப்புப் பண்ணவில்லை.

அந்த வேரில் பாசம், பிரியம் எதற்கும் இடமே இல்லை என்பதைக் கவனியுங்கள். பழைய ரோமில் ஆட்சியை நடத்த வருஷத்துக்கு இரண்டு கான்சல்களைத் தேர்ந்தெடுப்பார்கள், ஒருவருக்கு இன்னொருவர் கொலேகா. ஒருத்தர் எடுக்கிற முடிவை இன்னொருத்தர் நிறுத்தலாம், அதற்காகத்தான் இரண்டு பேர். கி.மு. 59இல் ஜூலியஸ் சீசர் கான்சலாக இருந்தபோது அவருடைய கொலீக் பிபுலஸ் என்பவர். இருவருக்கும் ஆகவே ஆகாது. சீசரின் ஆட்கள் பொதுவெளியில் அவமானப்படுத்தி விரட்டியதில் பிபுலஸ் வீட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டார், மீதி வருஷம் முழுக்க சகுனம் சரியில்லை, சகுனம் சரியில்லை என்று அறிவிப்பு மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தார். அந்த வருஷத்து ஆட்சியை ‘ஜூலியஸும் சீசரும் கான்சல்களாக இருந்த ஆண்டு’ என்று ரோம்காரர்கள் கிண்டல் செய்திருக்கிறார்கள். ஒரே டீமில் இருந்துகொண்டு வருஷம் முழுக்க வொர்க் ஃபிரம் ஹோமில் முறைத்துக்கொண்டிருப்பவர்களை நானும் பார்த்திருக்கிறேன். அவர்களும் கொலீக்தான். பிடித்தாலும் கொலீக், பிடிக்காவிட்டாலும் கொலீக்.

ஃபிரெண்டு வேறு வழியில் வந்தது. பழைய ஆங்கிலத்தில் ‘ஃப்ரேயோண்ட்’. நேசிப்பது என்று பொருள்படும் வினைச்சொல்லிலிருந்து உண்டான சொல், அதாவது நேசிக்கிறவர். இதற்கு நேர் எதிராக, வெறுப்பது என்ற வினையிலிருந்து ‘ஃபேயோண்ட்’ என்று ஒன்று இருந்தது, அது இன்று ‘ஃபீண்ட்’, பேய் பிசாசுக்குச் சொல்வார்கள். ஆக ஃபிரெண்டு என்ற சொல்லுக்குள்ளேயே ஒரு வினை உட்கார்ந்திருக்கிறது. இருவரில் ஒருவராவது ஏதாவது செய்துகொண்டே இருந்தால்தான் அது ஓடும். கொலீக்குக்கு நாம் ஒன்றும் செய்ய வேண்டாம், அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும்.

இது புரிந்தபிறகு எனக்கு ஒரு சின்னச் சோதனை கிடைத்தது. இரண்டு சொல்லுக்கும் முன்னால் ‘முன்னாள்’ என்று போட்டுப் பாருங்கள். முன்னாள் கொலீக் என்றால் ஒன்றுமில்லை, வேலை மாறிவிட்டார் அல்லது நான் மாறிவிட்டேன். முன்னாள் ஃபிரெண்டு என்று சொல்லிப் பாருங்கள், கேட்கிறவர் உடனே "என்ன சண்டை?" என்பார். அந்தப் படிவத்திலும் ‘முன்னாள் கொலீக்’ என்று ஒரு கட்டம் இருந்தது, ‘முன்னாள் ஃபிரெண்டு’ என்று இல்லை. யார் முன்னாள் ஃபிரெண்டுக்கு வேலை வாங்கித் தரப்போகிறார்கள்?

கோ-வொர்க்கர் என்று இன்னொன்று இருக்கிறது, அமெரிக்கர்கள் அதிகம் சொல்வது. ஒரே இடத்தில் வேலை செய்தால் போதும், கோ-வொர்க்கர். கொலீக் அதைவிடக் கொஞ்சம் உசத்தி, தொழிலையும் சேர்த்துப் பிடிக்கும். மதுரையில் இருக்கிற ஒரு இதய மருத்துவர், வேலூரில் இருக்கிற இன்னொரு இதய மருத்துவரை முகம்கூடப் பார்க்காமலேயே கொலீக் என்று சொல்லலாம். தன் ஆஸ்பத்திரி வாசலில் இருக்கும் செக்யூரிட்டியை அப்படிச் சொல்ல மாட்டார். இங்கிலாந்தில் இப்போது பெரிய சூப்பர்மார்க்கெட்களில் பில் போடுகிறவர், அலமாரியில் சாமான் அடுக்குகிறவர் எல்லாரையும் நிர்வாகமே கொலீக் என்று அழைக்கிறது. சம்பளம் கூட்டுவதைவிட இது எளிது.

உண்மையான குழப்பம் இதற்கு மேல்தான். ஃபிரெண்டு என்பது நேசிக்கிறவர் என்றேன் இல்லையா, ஆங்கிலேயர்கள் அதைக் கொண்டுபோய் எங்கெல்லாம் வைத்திருக்கிறார்கள் பாருங்கள். கோர்ட்டில் ஒரு வக்கீல் எதிர்த்தரப்பு வக்கீலை ‘மை லேர்னட் ஃபிரெண்டு’ என்பார். என் கற்றறிந்த நண்பர். நம் சென்னை உயர் நீதிமன்றத்திலும் அதே வழக்கம்தான். அந்த நண்பர் சொன்னதெல்லாம் பொய் என்று நிரூபிப்பதற்காகத்தான் இவர் ஃபீஸ் வாங்கியிருக்கிறார். லண்டன் நாடாளுமன்றத்தில் ‘மை ஆனரபிள் ஃபிரெண்டு’ என்றால் என் கட்சிக்காரர், அவ்வளவுதான். எதிர்க்கட்சிக்காரர் ‘ஆனரபிள் ஜென்டில்மேன்’ அல்லது ‘ஆனரபிள் லேடி’. கட்சித் தலைவரைக் கவிழ்க்கத் திட்டம் போடுகிறவர்களும் கவிழப்போகிற தலைவரும் கடைசி நாள்வரை ஒருவருக்கொருவர் ஃபிரெண்டுதான். அமெரிக்க செனட்டில் இதைவிட இனிப்பாக இருக்கும், அங்கே கொலீக்கும் உண்டு, ‘மை குட் ஃபிரெண்டு’ம் உண்டு, இரண்டாவது வந்தால் அடுத்த வாக்கியத்தில் அடி விழப்போகிறது என்று அர்த்தம்.

சிரிக்காதீர்கள், நாமும் இதைத்தான் செய்கிறோம். ஃபேஸ்புக்கில் யாராவது "நண்பரே" என்று ஆரம்பித்தால் எனக்கு வயிற்றைப் பிசையும். "நண்பரே, உங்கள் புரிதல்..." என்று வந்தால் மூன்றாவது கமெண்டில் குடும்பத்தை இழுக்கப் போகிறார்கள். ஃபேஸ்புக் வந்த வேகத்தில் ‘அன்ஃபிரெண்டு’ என்ற சொல்லை 2009இல் ஆண்டின் சொல்லாகவே நியூ ஆக்ஸ்ஃபோர்டு அமெரிக்கன் அகராதி அறிவித்தது. 5,000 ஃபிரெண்டு வரை வைத்துக்கொள்ளலாம் என்று அந்த நிறுவனம் வரம்பு வைத்திருக்கிறது. லிங்க்ட்இன்காரர்கள் உஷார், ‘கனெக்‌ஷன்’ என்று எதிலும் ஒட்டாத ஒரு வார்த்தையைப் போட்டுத் தப்பித்துவிட்டார்கள்.

கம்பெனிகளும் இதில் ஒரு தெளிவில் இல்லை. கருத்துக்கணிப்பு நடத்துகிற காலப் நிறுவனம் ஊழியர்களின் ஈடுபாட்டை அளக்க 12 விஷயங்களைக் கேட்கும், உலகம் முழுக்க அதைப் பயன்படுத்துகிறார்கள். அதில் ஒன்று, ‘வேலை இடத்தில் எனக்கு ஒரு பெஸ்ட் ஃபிரெண்டு உண்டு’ என்பது. எங்கள் ஆபீஸிலும் அதே மாதிரி ஒரு கேள்வி வருஷா வருஷம் வரும், ‘முழுமையாக ஒத்துக்கொள்கிறேன்’ என்று போடும்படி டீம் லீடர் கண் காட்டுவார். அதே பெஸ்ட் ஃபிரெண்டை ரெஃபரல் படிவத்தில் எழுதினால் பேனலை விட்டுத் தூக்குவார்கள்.

சரி, தமிழில் இதற்கு என்ன செய்கிறோம்? எழுதும்போது ‘சக ஊழியர்’ என்போம். அதை நான் வாயால் சொல்லிக் கேட்டதே இல்லை. "கூட வேலை பார்க்கிறவர்", "எங்க ஆபீஸ்ல ஒருத்தர்". டீச்சர்கள் "எங்க ஸ்டாஃப்" என்பார்கள், என் அத்தைக்கு அவர் பள்ளியில் இருந்த நாற்பது பேரும் ஸ்டாஃப்தான், ஹெட்மாஸ்டரைத் தவிர. ஃபிரெண்டுக்கோ எத்தனை சொல்: சிநேகிதன், தோழி, தோஸ்த், எங்கள் தெற்கத்திப் பக்கம் சேக்காளி. கூட்டாளி என்று ஒன்று இருக்கிறது, அது நம் பேப்பர்களில் ரவுடியோடு கைதாகிற ஆள். லண்டன் டீமில் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் இருந்தார், முதல்முறை என்னை இன்னொருவரிடம் "இவர் என்ர கூட்டாளி" என்று அறிமுகப்படுத்தியபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது, எந்தக் கேஸில் என்று கேட்டுவிடலாம்போல இருந்தது. அவர்கள் ஊரில் அது நல்ல, நெருக்கமான சொல் என்று பிறகுதான் தெரிந்தது.

ஆனால் நான் யோசித்துப் பார்த்ததில், நமக்குக் கொலீக்குக்கும் ஃபிரெண்டுக்கும் நடுவே வேலி போட இந்தப் பெயர்ச்சொல் எதுவும் தேவைப்படுவதில்லை. வேலி வினையில் இருக்கிறது. "வாங்க" என்றால் கொலீக், "வா" என்றால் ஃபிரெண்டு. அவ்வளவுதான். ரயிலில் எதிர் சீட்டில் ரெண்டு பேர் பேசிக்கொண்டிருப்பதை ஒரு நிமிஷம் கேட்டால் போதும், ஒரே ஆபீஸா, ஒரே காலேஜா என்று சொல்லிவிடலாம். ஒரே ஆபீஸில் இருந்தாலும் எந்த மாசத்தில் ‘ஜி’ ‘மச்சி’ ஆனது என்று சம்பந்தப்பட்டவர்களுக்கு நினைவிருக்கும். சிலருக்குத் தண்ணி பார்ட்டியில் மாறும், சிலருக்கு டீம் டூரில், ஏற்காடு மலை ஏறும்போது ஜி, இறங்கும்போது மச்சி.

ஆங்கிலத்திலும் ஒருகாலத்தில் இந்த வசதி இருந்தது. ‘தௌ’ என்றால் நீ, ‘யூ’ என்றால் நீங்கள். பெரியவர்களையும் மேலே இருப்பவர்களையும் ‘யூ’ சொல்லி, நெருங்கியவர்களையும் கீழே இருப்பவர்களையும் ‘தௌ’ சொல்லி வந்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாக எல்லாரும் எல்லாரையும் ‘யூ’ போட ஆரம்பித்து, ‘தௌ’ செத்துப்போனது. 17ஆம் நூற்றாண்டில் ஒரு கூட்டம் பிடிவாதமாக அதைக் காப்பாற்றியது. ஜார்ஜ் ஃபாக்ஸ் என்பவரின் ஆட்கள், குவேக்கர்கள் என்று ஒரு கிறிஸ்தவப் பிரிவு இருக்கிறதே, அவர்கள். கடவுள் முன் எல்லாரும் சமம் என்று சொல்லி நீதிபதியைக்கூட ‘நீ’ போட்டே பேசினார்கள், அதற்காக வசவும் அடியும் வாங்கினார்கள். அவர்களுடைய சபையின் பெயர் என்ன தெரியுமா? ஃபிரெண்ட்ஸ். நண்பர்கள் சபை. எல்லாரையும் நீ என்று அழைத்தவர்கள் அந்தப் பெயரில் இருந்திருக்கிறார்கள். இதைப் படித்த அன்று ராத்திரி எனக்கு ரொம்ப நேரம் தூக்கம் வரவில்லை, மறுநாள் பேரோல் குளோஸிங் இருந்தும்.

இப்போது இருக்கிற ஆங்கிலேயனுக்கு பாஸும் யூ, பெண்டாட்டியும் யூ, நாயும் யூ. பாவம், வேலியைக் கொண்டுபோய் கொலீக், ஃபிரெண்டு என்ற பெயரில்தான் அவன் போட்டாக வேண்டும். அதனால்தான் லண்டன் மேனேஜருக்கு அந்தக் கட்டம் அவ்வளவு முக்கியமாக இருந்திருக்கிறது. இது என் சொந்தக் கண்டுபிடிப்பு, மொழியியல் படித்தவர்கள் யாராவது வந்து உதைக்கலாம்.

அந்த மனிதருக்கு வருகிறேன். பெயரைப் போடப் போவதில்லை, போட்டால் சாயங்காலமே போன் வரும். என் கைபேசியில் அவர் பெயருக்குப் பின்னால் ‘ஆபீஸ்’ என்று இருக்கிறது. நம் எல்லார் போனிலும் இருப்பதுதான்: குமார் பால், குமார் பிளம்பர், குமார் ஆபீஸ். அந்த ரெஃபரலுக்குப் பிறகு அதே கம்பெனியில் இன்னும் ஐந்து வருஷம், மொத்தம் ஒன்பது. ஒன்பது வருஷமும் ஜி, ஒன்பது வருஷமும் நீங்க. டீம் டூருக்கு அவர் வர மாட்டார், அதனால் ஏற்காடு வாய்ப்பும் இல்லை.

ஒரே ஒரு தடவை மட்டும் மாறியது. அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்து ஐசியூவில் சேர்த்திருந்தோம். கீழே ரிசப்ஷனில் உட்கார்ந்திருந்தேன், ராத்திரி பத்து மணி இருக்கும். ஹெல்மெட்டோடு உள்ளே வந்தார். நான் யாருக்கும் சொல்லவில்லை, லீவு மெயிலில் ‘குடும்ப அவசரம்’ என்று மட்டும்தான் போட்டிருந்தேன், எந்த ஆஸ்பத்திரி என்று எப்படிக் கண்டுபிடித்தார் என்று இன்றுவரை கேட்கவில்லை. வந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு, "சாப்டியா?" என்றார்.

சாப்பிட்டீங்களா இல்லை. சாப்டியா.

இல்லை என்றேன். எழுந்து போய் எதிரே இருந்த கடையில் நாலு இட்லி கட்டிக்கொண்டு வந்தார், நான் சாப்பிடும்வரை வேறெதுவும் பேசவில்லை, இலையை அவரே மடித்து எடுத்துக்கொண்டு போய்க் குப்பைத்தொட்டியில் போட்டார். அடுத்த வாரம் நான் ஆபீஸ் திரும்பிய அன்று காலை, பத்தே முக்காலுக்கு, நாற்காலியைத் திருப்பாமலேயே, "ஜி, அந்த வென்டர் ரீகன்சிலியேஷன் அனுப்பிட்டீங்களா?" நான் அனுப்பவில்லை. என்டர் கீ சத்தம் கேட்டது.

இப்போது நாங்கள் இருவருமே அந்தக் கம்பெனியில் இல்லை. அவர் வேறொரு இடத்தில், நான் வேறொரு இடத்தில். அந்த ‘ஆபீஸ்’ மட்டும் என் போனில் அப்படியே இருக்கிறது, எந்த ஆபீஸ் என்று யாராவது கேட்டால் சொல்லத் தெரியாது. போன வருஷம் நான் வேலை தேடிக்கொண்டிருந்தபோது தன் கம்பெனிக்கு என் ரெசியூமைக் கேட்டு வாங்கினார். ஏற்றி முடித்ததும் ஸ்கிரீன்ஷாட் அனுப்பியிருந்தார். அங்கேயும் அதே கேள்வி, ‘எப்படித் தெரியும்?’ அவர் போட்டிருந்தது: முன்னாள் கொலீக்.

சரியாகத்தான் போட்டிருக்கிறார். இருந்தாலும் எதையோ விழுங்கிய மாதிரி இருந்தது. கூப்பிட்டு, "ரொம்ப தேங்க்ஸ் ஜி, பரவாயில்லை, கொலீக்னே போட்டுட்டீங்க" என்றேன். பரவாயில்லை என்று ஏன் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"பேனல்ல நானும் இருக்கேன்யா. வேற எதைப் போடச் சொல்றே? பேசாம இரு."

(அந்த வேலை எனக்குக் கிடைக்கவில்லை. அதனால்தான் இதை எழுத முடிகிறது.)